சீசனை நம்பிக் கடை போடாதே!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)

"மெக்கானிக்கல் படிக்கிறவன் மளிகைக் கடையைப் பத்தி எழுத என்னப்பா இருக்கு?" என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். இருக்கிறது நண்பர்களே! லேத் மெஷின் முன்னால் நான் நின்ற நேரத்தைவிடத் தராசு முன்னால் நின்ற நேரம் அதிகம். கோத்தகிரி சாலையில் ஒரு பஸ் நிறுத்தத்தை ஒட்டி எங்கள் கடை இருக்கிறது. மேலே ஒரு ஹட்டி, கீழே எஸ்டேட் லைன் வீடுகள், நடுவில் நாங்கள். 1968-ல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு மலை ஏறிய என் தாத்தா போட்ட கடை அது. இன்றைக்கும் ஊரில் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹட்டியிலும் சரி, லைனிலும் சரி, அவர் 'அண்ணாச்சி'தான்.

தாத்தா எங்களுக்குச் சொத்தாக விட்டுப் போனது ஒரு கடை, ஒரு தராசு, ஒரு வாக்கியம். "சீசனை நம்பிக் கடை போடாதே!" என்பதுதான் அந்த வாக்கியம்.

நீலகிரியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து வந்து நம்மோடு விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். இந்த நான்கு மாதங்களில் ஊட்டிக் கடைவீதியைப் பார்த்தால், 'இங்கே கடை வைத்தால் கோடீஸ்வரன்தான்' என்று தோன்றும். ஜூலை மாத மழையில் அதே வீதியில் நடந்து பாருங்கள். கடைக்காரர் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நிச்சயமில்லாத காலம் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். மலைக் கடைக்காரனுக்கு எந்தக் காலம் நிச்சயமாக இருந்தது?

வெண்ணெய் விற்றவர் கதை

நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய ஒரு கடை உண்டு. சென்னை, பெங்களூர்க்காரர்கள் 'நீல்கிரிஸ்' என்றால் மலையை நினைப்பதற்கு முன் அந்த சூப்பர் மார்க்கெட்டைத்தான் நினைப்பார்கள். அதன் வேர் குன்னூரில் இருக்கிறது. முத்துசாமி முதலியார் என்பவர் வெள்ளைக்காரர்களுக்காகக் கோயமுத்தூருக்கும் மலைக்கும் இடையே கடிதங்களும் காசோலைகளும் சுமந்து கொண்டிருந்தவர். மலையில் குடியேறிய துரைமார்களுக்கு எது இல்லாமல் முடியாது என்று, வீடு வீடாகப் போய்வந்த அவருக்குத் தெரிந்திருந்தது. வெண்ணெய்! 1905-ல் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கிக் குன்னூர் வண்ணாரப்பேட்டையில் சின்னதாகக் கடை போட்டார். 'நீல்கிரி டெய்ரி பார்ம்' பிறந்தது அப்படித்தான்.

மலையை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. 1936-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கடை திறந்தார்கள். அவருடைய மகன் சென்னியப்பன் வெளிநாடுகளுக்குப் போய், வாடிக்கையாளரே தட்டிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் கடைகளைக் கண்டு வந்து, 1971-ல் பிரிகேட் ரோடு கடையை அந்த முறைக்கு மாற்றினார். இந்தியாவில் சூப்பர் மார்க்கெட் என்ற சொல்லே பலருக்குத் தெரியாத காலம் அது!

கதை இதோடு முடிந்திருந்தால் வெற்றிக்கதை என்று கைதட்டலாம். 2006-ல் நிறுவனத்தின் பெரும்பங்கு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனமான ஆக்டிஸ் கைக்குப் போனது. 2014-ல் பியூச்சர் குழுமம் வாங்கியது. அந்தக் குழுமத்தின் சில்லறை விற்பனை நிறுவனமே 2022-ல் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. அளவு பெரியதானால் ஆபத்து போய்விடும் என்பது உண்மை இல்லை. கடிதம் சுமந்தவரிடம் இருந்தது பணமோ கட்டிடமோ அல்ல. எந்த வீட்டுக்கு எது தேவை என்கிற விவரம் மட்டும்தான். அந்த விவரம் கையில் இருக்கும்வரை சின்னக் கடையும் தாக்குப்பிடிக்கும் என்பது என் எண்ணம்.

இலைக்காசு விழுந்த வருடம்

எங்கள் கடைக்குச் சுற்றுலாப் பயணி வழி கேட்கத்தான் வருவார். எங்கள் சீசன் பசுந்தேயிலை விலை. ஹட்டியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தோட்டம். பறித்த இலையைப் பேக்டரிக்குக் கொடுப்பார்கள். கணக்கு மாதம் ஒருமுறை வரும். அந்தப் பணம் வரும்வரை வீடு ஓடுவது எங்கள் பற்று நோட்டில்தான்.

1998-ல் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் போன பசுந்தேயிலை, 2000-ல் ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்தது. தென்னிந்தியத் தேயிலையை அள்ளி அள்ளி வாங்கியது ரஷ்யா. சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது, 1998-ல் ரூபிளும் சரிந்தது. விலை ஏறியிருந்த நாளில் கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துப் பழகியதில் நம் தேயிலையின் பெயரும் கெட்டிருந்தது. மாஸ்கோவில் நடந்ததற்குக் கோத்தகிரி சாலையில் ஒரு மளிகைக் கடை பதில் சொல்ல வேண்டி வந்தது!

நான் அப்போது பிறக்கவே இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். மலை முழுக்கப் போராட்டம், மறியல். கடை நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. மேட்டுப்பாளையம் மொத்த வியாபாரி ரொக்கம் கேட்கிறார். கடனை நிறுத்தினால் வாடிக்கையாளர் போய்விடுவார். நிறுத்தாவிட்டால் கடை போய்விடும். அப்போது தாத்தாவும் அப்பாவும் மூன்று காரியங்கள் செய்தார்கள்.

ஒன்று, கடனை இரண்டாகப் பிரித்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, குழந்தைக்குப் பால் பவுடர் இவை கடனுக்கு உண்டு. பிஸ்கட், பவுடர், வாசனை சோப்பு ரொக்கத்துக்கு மட்டும். "பசிக்குக் கடன், ஆசைக்குக் காசு" என்று தாத்தா சொன்னாராம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டு, எல்லாவற்றையும் சின்னதாகக் கட்டினார்கள். கிலோ வாங்கியவர் நூறு கிராம் கேட்கக் கூச்சப்படுவார். அம்பது கிராம் பொட்டலமாகத் தயாராகத் தொங்கினால் கூச்சமில்லாமல் எடுப்பார். ராத்திரி பத்து மணிவரை வீடே உட்கார்ந்து பொட்டலம் கட்டியது.

மூன்று, பக்கத்து ஊர்களில் இருந்த மூன்று கடைக்காரர்களோடு சேர்ந்து ஒரே லாரியில் சரக்கு ஏற்றினார்கள். அதுவரை போட்டிக்காரர்கள்! லாரி வாடகை நாலாகப் பிரிந்தது. மொத்தமாக வாங்கியதால் விலையும் கொஞ்சம் இறங்கியது.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன. சில குடும்பங்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் மில் வேலைக்கு இறங்கிப் போயின. அவர்கள் பக்கங்கள் நோட்டில் அப்படியே நின்றன. ஆறு வருடம் கழித்து ஒரு அக்கா திருப்பூரிலிருந்து வந்து, பழைய பாக்கி ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் அப்படி வரவில்லை. வந்தவர்களை வைத்துத்தான் கடை நின்றது.

அரசுத் தரப்பிலும் அப்போது ஒரு நல்ல யோசனை பிறந்தது. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இன்கோசர்வ் என்ற இணையம் 1965 முதல் இருக்கிறது. ஏலத்தில் விலை போகாத தூளை ஏன் ஏலத்துக்கே அனுப்ப வேண்டும்? தமிழ்நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கு மேல் ரேஷன் கடை இருக்கிறதே! 'ஊட்டி டீ' என்று பாக்கெட் போட்டு அங்கே அனுப்பினார்கள். புதிய கடை ஒன்றுகூடக் கட்டாமல், இருக்கிற கடையில் புதிய வழி. புதுமை என்றால் இதுவும் புதுமைதான்.

பிலிம் போன கதை

மாமாவுக்கு ஊட்டியில் ஸ்டூடியோ. ஊட்டியில் ஸ்டூடியோ வைத்தவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. படம் பிடிக்கிற பிலிமே நம் ஊரில் தயாராகிறது! மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டது. 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இந்து நகரிலிருந்து போயின. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. சம்பள நாளில் ஊட்டி மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது என்பார்கள்.

கலர் பிலிம் வந்தது, தொழிற்சாலை திணறியது. 1996-ல் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. பின்னால் டிஜிட்டல் வந்ததும் பிலிமுக்கே வேலை இல்லாமல் போனது. சம்பள நாளை நம்பியிருந்த கடைகள் ஒவ்வொன்றாக வாடின.

மாமா வாடவில்லை. "ஜனங்களுக்கு பிலிமா வேணும்? அவங்க மூஞ்சி வேணும்ப்பா" என்பார். டார்க் ரூமைக் காலி செய்து ஜெராக்ஸ் மெஷின் போட்டார். பிறகு கம்ப்யூட்டர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கோப்பையில் படம் அச்சடிப்பது, பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பித் தருவது. நம் கல்லூரிக்கு நான் விண்ணப்பித்ததும் அந்த டார்க் ரூமில்தான். பொருள் போய்விடும், தேவை போகாது. பொருளைப் பிடித்துத் தொங்கியவர்கள் விழுந்தார்கள்.

பொட்டலம் திரும்பி வந்தது

புதிது புதிதாகச் சேர்ப்பது மட்டும்தான் முன்னேற்றமா? எங்கள் கடையில் பழையது ஒன்று திரும்பி வந்த கதையைக் கேளுங்கள்.

பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பது தமிழ்நாட்டுக்கு 2019 ஜனவரி 1-ல் வந்த செய்தி. நீலகிரிக்கு அது பழைய செய்தி. 2000-களின் தொடக்கத்திலேயே, சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது, இங்கே பிளாஸ்டிக் பைக்கு எதிராகப் பெரிய இயக்கம் நடந்தது. ஆரம்பத்தில் வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். மழை ஊரில் காகிதப் பையில் சர்க்கரை கொடுத்தால் வீடு போவதற்குள் பாகாகிவிடாதா?

அப்பா தாத்தாவின் கைவேலையைத் திரும்ப எடுத்தார். தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி, வாயை மடித்து, நூல் சுற்றும் பொட்டலம். அச்சு மை உணவில் ஒட்டக்கூடாது என்பதால் செய்தித்தாளுக்குப் பதில் பழுப்புத் தாள். எண்ணெய்க்கு வீட்டிலிருந்து தூக்கு கொண்டு வந்தால் ஒரு ரூபாய் குறைவு. துணிப்பை கொண்டு வராதவருக்குக் கடைப் பை, மறுநாள் திருப்பித் தர வேண்டும். நோட்டில் 'பை 1' என்று எழுதிவிடுவோம். கவர் வாங்கிய செலவு மிச்சம். தூக்கு கொண்டு வந்தவர் எண்ணெயை எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்றும் ஆனது! தடையில் ஒரு லாபம் ஒளிந்திருந்ததை, தேடியவர்கள் கண்டுகொண்டார்கள்.

பாதை அடைபட்டால்

மலைக் கடையின் உயிர் மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. 2009 நவம்பரில் கொட்டிய மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் துண்டாகின. அந்த மாதத்திலிருந்து மழைக்காலத்துக்கு முன் இருபது நாள் அரிசி இருப்பு வைப்பது எங்கள் வீட்டில் சட்டம். சரக்கில் பணம் முடங்கும்தான். ஆனால் சாலை அடைபட்ட அன்று அரிசி இல்லாத கடைக்குப் பேர் கடையா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அடைபட்டது சாலை மட்டுமல்ல, உலகமே. எங்கள் கடை மளிகை என்பதால் குறித்த நேரம் திறந்திருந்தது. லைன் லைனாக ஒருவர் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புவார். நானும் தங்கையும் பிரித்துக் கட்டி வைப்போம். ஒரே ஜீப்பில் போகும். ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கம் கடை வைத்திருந்த சித்தப்பா நிலைமைதான் பரிதாபம். வர்க்கி, சாக்லேட், தைலம், தேயிலை எல்லாம் சுற்றுலாப் பயணியை நம்பியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மலர்க் கண்காட்சியே நடக்கவில்லை.

"இருபது வருஷமா ஆயிரக்கணக்கான பேருக்கு வித்தேன். ஒருத்தர் நம்பர்கூட என்கிட்ட இல்லலே" என்று சித்தப்பா வருத்தப்பட்டார். பில் புத்தகங்களைப் புரட்டி, எப்போதோ தேயிலை பார்சல் கேட்டு விலாசம் கொடுத்த ஐம்பது அறுபது பேரைக் கண்டுபிடித்தார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். சாக்லேட் சமவெளி வெயிலில் உருகும், எனவே வேண்டாம். வர்க்கி நொறுங்கும், எனவே அட்டைப் பெட்டிக்குள் தடுப்பு வைத்தார். தேயிலைத்தூள் எதற்கும் கவலைப்படாது. கூரியர் வியாபாரம் இன்றும் நடக்கிறது.

அது கைகொடுத்தது நல்லதாகப் போயிற்று. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கு வர இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் சீசனுக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். மறுநாளே மாவட்டத்தில் கடையடைப்பு நடந்தது. வியாபாரிகளின் வலி எனக்குத் தெரியும். மலை தாங்காது என்பதும் எனக்குத் தெரியும், இங்கேதானே பிறந்தேன்! வருகிற வண்டி குறையும் என்று வைத்துக்கொண்டுதான் இனிக் கணக்குப் போட வேண்டும்.

கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை 1990-களிலேயே வேறு கணக்குப் போட்டது. பழங்குடி மக்கள் பாறையிலும் மரத்திலும் எடுக்கும் தேனுக்கு நியாய விலை கொடுத்து, சுத்தம் செய்து, பாட்டிலில் அடைத்து, 'கிரீன் ஷாப்' என்று கடை திறந்தார்கள். 2010-ல் அதற்கென 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' என்ற தனி நிறுவனமே உருவானது. தேன் எடுத்தவர் யார், எந்தக் காடு என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவர் ஊருக்குப் போன பின்னும் கேட்டு வாங்குகிறார்.

ஏ, பி, சி

தொழிற்சாலை மேலாண்மைப் பாடத்தில் ஏபிசி பகுப்பாய்வு படித்தோமே, நினைவிருக்கிறதா? அதிகப் பணம் முடங்கும் சில பொருள் 'ஏ', நடுத்தரம் 'பி', அற்ப விலைப் பொருள்கள் 'சி'. இதை எங்கள் கடைக்குப் போட்டுப் பார்த்தேன். அரிசி, எண்ணெய், சர்க்கரை, பருப்பு 'ஏ'. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஊசி நூல், டார்ச் செல், கொழுந்து பறிக்கிற அக்காமார் இடுப்பில் கட்டும் படங்கு எல்லாம் 'சி'.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இன்னொரு கட்டம் போடுலே" என்றார். "என்ன கட்டம்ப்பா?" "இந்தச் சாமான் இல்லைன்னா எவன் திரும்பிப் போவான்னு ஒரு கட்டம்."

போட்டோம். மழை நாளில் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி வாங்க வருகிறவர் அரிசியும் வாங்கிப் போவார். மெழுகுவர்த்தி இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய் அரிசியும் அங்கேயே வாங்குவார். படங்கு இந்தப் பக்கத்தில் எங்கள் கடையில் மட்டும்தான் கிடைக்கும். அதில் லாபம் அற்பம். அதற்காக வருகிற கால்கள்தான் லாபம். பாடப்புத்தகம் சரக்கைப் பார்க்கச் சொன்னது. அப்பா ஆளைப் பார்க்கச் சொன்னார். இப்போது எங்கள் கடையில் இரண்டு கட்டமும் இருக்கிறது.

நமக்கு என்ன வேலை?

இனிமேல்தான் விஷயம். இரண்டு வருடமாக எங்கள் விற்பனை இறங்கியிருக்கிறது. டவுனில் பெரிய கடைகள் வந்துவிட்டன. விலையில் அவர்களோடு மோத முடியாது. கிலோ அரிசியில் அவர்கள் விடுகிற தள்ளுபடிதான் எங்கள் மொத்த லாபம். 'டிப்ளமோ முடித்து ஓசூர் கம்பெனிக்குப் போகிறாயா, கடையில் உட்காருகிறாயா?' என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

கடை நிற்க வேண்டுமென்றால் பெரிய கடை தர முடியாத ஒன்றை நாங்கள் தர வேண்டும். யோசித்ததில் கிடைத்தது மிளகாய்! மழை மாதங்களில் இங்கே மிளகாய் காயாது. நமுத்த மிளகாயை அரைத்தால் தூள் கட்டி தட்டும். ஜனங்கள் மல்லியையும் மிளகாயையும் தூக்கிக்கொண்டு டவுனுக்கு அலைகிறார்கள். 2021-ல் அப்பா பழைய அரவை மெஷின் ஒன்று வாங்கிப் பின்னறையில் போட்டார். இந்த வருடம் என் புராஜெக்டே அதற்கு ஒரு உலர்த்தும் பெட்டி செய்வதுதான். ஹீட்டர், விசிறி, ஈரக்காற்று வெளியேறத் துளை, நாலு தட்டு. ராகி, சாமையும் அரைத்துத் தருகிறோம். நூறு ரூபாய் அரிசியில் நிற்காத காசு நூறு ரூபாய் மசாலாத் தூளில் நிற்கிறது. பி.காம். படிக்கும் தங்கை பற்று நோட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். "நீ மெஷினைப் பாரு, கடையை நான் பாக்குறேன்" என்கிறாள். நான் இரண்டு வருடம் வெளியே வேலை பார்த்துவிட்டு வருவதென்றும், பெட்டி ஓடினால் இரண்டாவது பெட்டி செய்வதென்றும் முடிவு.

நண்பர்களே, நம்மில் பாதிப்பேர் வீட்டில் ஏதோ ஒரு சின்னக் கடை இருக்கிறது. டீக்கடை, பேக்கரி, காய்கறி, தையல், ஸ்வெட்டர் கடை. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடுகிற தமிழ்ப் பற்று நோட்டு ஒன்று செய்து தரலாம். எலக்ட்ரிகல் நண்பர்கள் கரண்ட் போனாலும் தராசு நிற்காமல் இருக்க வழி சொல்லலாம். சிவில் நண்பர்கள் சரக்கறையில் ஓதம் ஏறாமல் தடுக்கலாம். நாம் படிப்பதில் பழுதான பின் சரிசெய்வது ஒரு முறை, பழுதாகும் முன் பார்ப்பது இன்னொரு முறை. கடைக்கும் இரண்டாவது முறைதான் நல்லது.

தேயிலை விலை நம் கையில் இல்லை. மழை நம் கையில் இல்லை. எத்தனை வண்டி மலை ஏறலாம் என்பதும் நம் கையில் இல்லை. நம் கடைப்படி ஏறி வருகிறவர் யார், அவர் வீட்டில் இன்று என்ன தீர்ந்திருக்கும் என்று தெரிந்துகொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது. அது தெரிந்தவர்களுக்கு, அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும்.